குடைக்கு வெளியே நின்றவள்

"லைசென்ஸ் என் வீட்டம்மா பேர்ல இருக்கும் மேடம். அது சும்மா ஒரு வசதிக்காக எடுத்து வெச்சது. பறக்க விடறதெல்லாம் நான்தான்."

பக்கத்து அறையிலிருந்து வந்தது அந்தக் குரல். கூடத்துத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் ட்ரோனைக் கவிழ்த்து வைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இறக்கை இடுக்கில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

"வீட்டம்மாவும் கூட வருவாங்க மேடம். பேட்டரி சார்ஜ் போட்டுக் குடுப்பாங்க. பெட்டி தூக்குவாங்க."

பிறகு ஒரு சிரிப்பு. அவளுடைய கணவன்தான். வீட்டில் அவன் அப்படிச் சிரிப்பதில்லை. அது தொலைபேசிக்கென்றே எடுத்து வைத்திருந்த சிரிப்பு.

கோபம் சிலருக்கு வாயில் வரும், சிலருக்குக் கையில் வரும். அவளுக்குக் காதில் வந்தது. இரண்டு காதும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததுபோல் சுட்டன. பெட்டி தூக்குவாங்களாம். அந்த ட்ரோனை வாங்க அவள் கழுத்தில் கிடந்ததும் போயிற்று, கையில் கிடந்ததும் போயிற்று. வெயிலில் நின்று நின்று முகம் கருத்தது. அத்தனைக்கும் பிறகு, பெட்டி தூக்குவாங்க.

சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர் காத்தாடி. "வேலைக்குப் போறாளாம், காத்தாடி விடறாளாம்" என்று ஒரு விசேஷ வீட்டில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரிக்க, அது ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவனுக்கும் ஒரு பேர் உண்டு. மைக். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எங்கே போகிறது என்று அறிவிக்கிற வேலை. துணிக்கடை திறந்தால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு சொல்லையும் துவைத்துக் காயப்போட்டு மடித்துக் கொடுப்பது போன்ற குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவள் அவனைக் கட்டிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். ஒரு நாள் பேருந்து நிலையத்தில் இயந்திரம் பேச ஆரம்பித்தது. அவனுடைய குரலையே பதிவு செய்து வைத்துக்கொண்டு, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே போனால் அவன் பேசுவது கேட்கும். அவனுக்குத்தான் அங்கே வேலை இல்லை.

அதே சமயத்தில்தான் அவள் வேலை பார்த்த கட்டட வரைபட அலுவலகமும் ஆள் குறைத்தது. எத்தனையோ கட்டடங்களுக்குக் கூரை வரைந்தவள் அவள். ஒரு கூரையையும் மேலிருந்து பார்த்ததில்லை. அந்த ஆசைதான் ட்ரோன் பயிற்சியில் கொண்டு போய்ச் சேர்த்தது. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். தேர்வு எழுதினாள், பறக்கவிட்டுக் காட்டினாள், லைசென்ஸ் வாங்கினாள். பறக்கவிடக் கற்றுக்கொள்வது கஷ்டமாக இல்லை. வேலை தேடுவதுதான் தலைவலியாகிவிட்டது.

விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறினாள். ஒரு ஓட்டல் முதலாளி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார் எங்கம்மா?" என்று கேட்டார். "எந்த சார்?" என்றாள். "பறக்க விடற சார்."

மனை விற்கிறவர் ஒருவர் நன்றாகப் பேசினார். "சாம்பிளா ஒண்ணு சும்மா பண்ணிக் குடுங்க. பிடிச்சுப் போச்சுன்னா வருஷம் பூரா உங்களுக்குத்தான். பேரு வரும்ல?" செய்து கொடுத்தாள். பிடித்துப் போயிற்று. இன்னொரு சாம்பிள் கேட்டார். அதையும் கொடுத்தாள். அவள் எடுத்த படம் சாலையோரப் பலகையில் வீடு உயரத்துக்கு நின்றது. மூன்றாவது தடவை கூலி கேட்டபோது, "தங்கச்சி பையன் ஒரு ட்ரோன் வாங்கியிருக்கான்மா, வீட்டுப் பிள்ளையை விட்டுட்டு வெளியில குடுக்க முடியுமா?" என்றார். பேர் வந்தது உண்மை. பலகையில் பெரிய எழுத்தில் அந்தத் தங்கச்சி பையன் பேர் வந்தது.

கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரர் மட்டும்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார். கூடவே ஒரு பாடமும் கொடுத்தார். "பைலட் ஃப்ரேம்ல வரக் கூடாதும்மா. மேலேருந்து எடுக்கும்போது நடுவுல ஒருத்தி ரிமோட்டை வெச்சுக்கிட்டு அண்ணாந்து பாத்துட்டு நின்னா படம் போச்சு. ஒளிஞ்சு நின்னு ஓட்டணும்."

அது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தூணுக்குப் பின்னால், நிறுத்தி வைத்த காருக்கும் சுவருக்கும் நடுவில் நின்று பறக்கவிடுவார்கள். ஆனால் அவளைப் போல ஒளியத் தெரிந்தவர்கள் இல்லை. எவ்வளவு பெரிய திடலாக இருந்தாலும் தன்னை மறைத்துக்கொள்ள ஒரு முழ நிழலைக் கண்டுபிடித்துவிடுவாள். "நீங்க இருந்த தடமே தெரியல" என்று ஸ்டுடியோக்காரர் பாராட்டினார். அதைப் பெருமையாக வீட்டில் வந்து சொன்னாள், பாவம்.

கொஞ்ச நாளில் அவளுக்கு ஒன்று புரிந்தது. அழகான படத்துக்கு இங்கே ஆள் அதிகம். கூரையைப் பார்த்து, எங்கே ஓட்டை, எங்கே துரு, எந்தத் தகரம் அடுத்த காற்றுக்குத் தாங்காது என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு பழைய கிடங்கின் கூரையைப் பறந்து பார்த்து, மழைத் தண்ணீர் வடிகிற தகரக் கால்வாயில் பறவைக் கூடு அடைத்துக்கொண்டிருப்பதை வட்டம் போட்டுக் காட்டி, ஒரு சிறிய மாதிரிப் படம் தயாரித்தாள். கிடங்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கெல்லாம் அனுப்பினாள். பிறகு ஒவ்வொருவராகப் போன் செய்தாள்.

"படம் பாத்தோம், நல்லா இருக்கு. சார்கிட்ட குடுங்கம்மா, பேசிடறோம்."

ஒரு தடவை, பத்துத் தடவை. பதினோராவது தடவையோ என்னவோ, பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவனிடம் போனை நீட்டினாள். "இந்தாங்க, சார் வேணுமாம். ஒரு வார்த்தை பேசுங்க."

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். பேசினான். அன்றைக்கே வேலை வந்தது.

அதற்குப் பிறகு விளம்பரத்தில் அவன் நம்பர் போயிற்று. அவன் படமும் போயிற்று. அந்தப் படத்தை அவள்தான் எடுத்தாள், ட்ரோனை அவன் முகத்துக்கு எதிரே நிறுத்தி. அவன் கையில் இருந்தது பழுதாகிப்போன பழைய ரிமோட். அதன் ஆன்டெனா மடங்கியே கிடந்தது. பறக்கவிடத் தெரிந்த யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். ஆனால் வேலை கொடுக்கிறவர்களுக்கு எங்கே பறக்கவிடத் தெரியும்? "கம்பீரமா இருக்கீங்க" என்று அவனுக்குச் செய்திகள் வந்தன.

இப்போது வந்திருப்பது அவர்கள் வாழ்க்கையிலேயே பெரிய வேலை. வரிசை வரிசையாகக் கிடங்குகள் கட்டி வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம். மாதாமாதம் எல்லாக் கூரைகளையும் பறந்து பார்த்து அறிக்கை கொடுக்க ஓர் ஆண்டு ஒப்பந்தம். மூன்று மாதம் சோதனைக்கு என்று சில கூரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பறந்தது அவள், அறிக்கை எழுதியது அவள். "சாரோட ரிப்போர்ட் ரொம்ப தெளிவு" என்று பாராட்டு வந்தது. அன்று மாலை அந்த நிறுவனத்தின் பராமரிப்பு மேலாளர் அம்மாள், பைலட்டை நேரில் பார்த்து, லைசென்ஸ் சரிபார்த்து, கையெழுத்து வாங்க வீட்டுக்கே வருவதாக இருந்தது.

லைசென்ஸைப் பார்த்தால் பேர் தெரிந்துவிடும். அன்றைக்கு எல்லாம் வெளியே வந்துவிடும், தானாகவே சரியாகிவிடும் என்று அவள் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கடைசிக் கதவையும் அவன் இப்போது போனில் பூட்டிவிட்டான்.

அவள் எழுந்து போய் அறை வாசலில் நின்றாள்.

"யாருக்கு வசதிக்காக என் பேர்ல எடுத்தீங்க?"

அவன் போனைக் கீழே வைத்தான். "அட, ஒட்டுக் கேட்டியா?"

"உங்க குரலை ஒட்டுக் கேக்க வேற வேணுமா? தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

"இத பாரு, மேடமே கேட்டாங்க, லைசென்ஸ் யார் பேர்லன்னு. நான் என்ன சொல்றது? இத்தனை நாள் உங்ககிட்ட பேசினது வெறும் வாயின்னா?"

"ஆமா. அதான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா கிடைச்சிருக்குமா? வருஷம் பூரா வேலைடி. கைக்குள்ள வந்து உக்காந்திருக்கு. யாரு பேர்ல இருந்தா என்ன, வர்றது இந்த வீட்டுக்குத்தானே?"

"பெட்டி தூக்குவாங்கன்னு சொன்னீங்களே. அது எந்த வீட்டுக்கு வர்றதுக்காக?"

பதில் இல்லாத ஆண்பிள்ளைகள் எடுக்கும் அடுத்த ஆயுதத்தை அவனும் எடுத்தான். "நீதானே போனை என் கையில குடுத்த? நானா வந்து கேட்டேன்?"

"ஆமா, நான்தான் குடுத்தேன். ஒரு வார்த்தை பேசுங்கன்னு குடுத்தேன். என்னையே எழுதி வாங்கிக்கங்கன்னா குடுத்தேன்?"

"என் குரல் இல்லேன்னா உன் காத்தாடியை யாரு சீண்டியிருப்பா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. உறவுக்காரர்கள் யார் வேண்டுமானாலும் அந்தச் சொல்லைச் சொல்லலாம். அவன் அதுவரை சொன்னதில்லை. உறவில் யாராவது சொன்னால் சண்டைக்குப் போனவன் அவன்.

அவள் திரும்பி வந்து கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னடா சத்தம்?" என்று மகனைக் கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றான். "ஒண்ணுமில்லாததுக்கா அவ மூஞ்சி அப்படி இருக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

கணினியில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்கு அவள் வைத்திருந்த பேர் வேஸ்ட். தான் ஃப்ரேமில் விழுந்துவிட்ட படங்களையெல்லாம் வெட்டி அதில்தான் போடுவாள். அழித்துவிட வேண்டியதுதான். ஏனோ அழிக்காமல் வைத்திருந்தாள். இன்றைக்கு முதல் முறையாக அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதல் படத்தில் ஒரு மண்டபத்து மொட்டை மாடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு முழங்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் முழங்கை. அடுத்ததில் ஒரு மைதானம். ட்ரோன் சட்டென்று திரும்பிவிட, ஒரு சின்ன உருவம் தலைதெறிக்க ஓடிப் போய் ஒரு வேனுக்கு அடியில் குனிந்தது. திருடியைப் போல. அவள் சம்பாதிக்க வந்த இடத்தில் திருடியைப் போல ஓடிக்கொண்டிருந்தாள். மனை விற்கிறவரின் அந்த வெட்டவெளியில், ஒளிய இடமே இல்லாமல், கடைசியில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பறக்கவிட்டிருக்கிறாள். மேலிருந்து பார்த்தால் யாரோ தூக்கிப் போட்டுவிட்டுப் போன துணி மூட்டை.

இன்னொன்று. வேலை முடிந்து விட்டதென்று நினைத்து, படப்பதிவை நிறுத்த மறந்திருக்கிறாள். ட்ரோன் அந்தரத்தில் நிற்கிறது. கீழே படிக்கட்டில் ஒரு பெண் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தோள் குலுங்குகிறது. தங்கச்சி பையன் ட்ரோன் வாங்கிய செய்தி கேட்ட நாள் அது. தான் அழுததை ஆகாயத்திலிருந்து தானே பார்க்க வேண்டிவந்த பெண் அவளைத் தவிர யார் இருப்பார்கள்? அந்தப் பெண்ணைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எழுந்திரு, எழுந்து நில்லு என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த படங்களில் குடை வந்துவிட்டது. கணவன் கூட வர ஆரம்பித்த காலம். வெயிலில் ரிமோட் திரை தெரியாது, அதனால் அவளுக்குக் குடை பிடிப்பது அவன் வேலை. உண்மையில் அதை ஒழுங்காகத்தான் செய்தான். சட்டை தொப்பலாக நனைய, தான் வெயிலில் நின்றுகொண்டு அவளுக்கு நிழல் பிடித்தான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் என்ன தெரிகிறது? ஒரு கறுப்பு வட்டம். பக்கத்தில் ஓர் ஆண்பிள்ளை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அவள் வட்டத்துக்குக் கீழே. முதலில் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு குடைக்குக் கீழே. பாதம்கூடத் தெரியவில்லை.

படம் படமாகத் தள்ளிக்கொண்டே போனவள் ஒன்றில் நின்றாள்.

இதே நிறுவனத்தின் கிடங்கு, போன மாதம். பலத்த காற்று கிளம்பிய நாள். குடை மடங்கி, அவன் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு போகிறது. அவன் அதைப் பிடிக்க ஓடுகிறான். குடை உருள, அவன் குனிய, குடை எழும்ப, அவன் தாவ, இருவரும் ஃப்ரேமை விட்டே போய்விடுகிறார்கள். நடுவில் அவள் தனியாக நிற்கிறாள். தலையில் கட்டின துணி பறக்கிறது. கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து, இரண்டு கண்ணும் நேரே காமிராவைப் பார்த்தபடி. படம் ஆடவே இல்லை. அந்தக் காற்றில் அவ்வளவு கனமான தகரமே படபடக்கிறது, படம் ஆடவில்லை.

"இது யாரு, நீயா?" மாமியார் பின்னால் வந்து நின்றிருந்தார். கையில் ஈரத் துணி.

"ஆமாம் அத்தை."

"அப்ப அந்த ஓடறது?"

"உங்க பிள்ளை."

மாமியார் திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார். "சின்ன வயசுலேயே அப்படித்தான். பிடிக்கத் தெரியாது, ஓட மட்டும் தெரியும்." கொஞ்சம் நின்று, "இதையெல்லாம் ஏன் ஒளிச்சு வெச்சிருக்க?" என்று கேட்டார்.

"கெட்டுப் போன படம் அத்தை."

"எங்க கெட்டுது? நல்லாத்தானே தெரியற."

அவள் திரும்பி மாமியாரைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினாள். விளம்பரப் படம் எத்தனையோ வெட்டி ஒட்டியிருக்கிறாள். எல்லாவற்றிலும் தன்னை நீக்குவதுதான் வேலை. இன்றைக்கு அதையே தலைகீழாகச் செய்தாள். கூரைகளையெல்லாம் வெட்டி எறிந்தாள். தன்னைச் சேர்த்தாள். முழங்கை, ஓட்டம், மூட்டை, படிக்கட்டு, கறுப்பு வட்டம். கடைசியில் அந்தக் காற்று. கணவன் இரண்டு முறை கூடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனான். என்ன செய்கிறாள் என்று கேட்கத் தைரியம் இல்லை.

மாலையில் மேலாளர் வந்தார். நடுத்தர வயது. கறாரான நடை, செருப்பில் கிடங்குத் தூசி, தோளில் கனமான பை. உள்ளே வந்ததும் கணவனைப் பார்த்துத்தான் கும்பிட்டார். "சார், போன்ல கேட்ட குரலுக்கு ஆளைப் பாக்கணும்னு ஆசை. இன்னைக்குத்தான் ஆச்சு." பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். "பேட்டரி மேடம் நீங்கதானா?"

அவள் சிரிக்கவில்லை. "உக்காருங்க" என்றாள்.

மேலாளர் ஒப்பந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். கணவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினான். "மேடம், முதல்ல காத்து பத்தி ஒரு விஷயம்..." என்று அந்தக் குரலில் ஆரம்பித்தான்.

"அதுக்கு முன்னாடி ஒரு படம் பாத்துடுங்க மேடம்" என்று அவள் தொலைக்காட்சியைப் போட்டாள். "எங்க புது விளம்பரம்."

படம் ஓடியது. முழங்கையைப் பார்த்தபோது மேலாளர் எதுவோ தவறாக வந்துவிட்டது என்று நினைத்துச் சிரிக்கப் போனார். அந்த உருவம் வேனுக்கு அடியில் குனிந்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. படிக்கட்டு வந்தது. கணவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். படிக்கட்டில் அவள் அழுததை அவன் இதுவரை கண்டதில்லை, அவள் சொன்னதும் இல்லை. கடைசியில் குடை பறந்தது. அவள் நின்றாள். கையில் ரிமோட், கண் ஆகாயத்தில்.

"இது எங்க கிடங்கு" என்றார் மேலாளர் மெதுவாக. "இவங்க யாரு?"

கணவன் வாயைத் திறந்தான். ஊரெல்லாம் வழி சொன்ன அந்த வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

காபியோடு வந்த மாமியார் தட்டை மேசையில் வைத்தார். "அது என் மருமக. குடை பின்னாடி ஓடறது என் பிள்ளை."

மேலாளர் தட்டைத் தொடவில்லை. "அப்ப இத்தனை நாளா எங்கிட்ட பேசினது?"

"என் பிள்ளைதான். பேச்சு நல்லா வரும் அவனுக்கு."

மேலாளரின் முகம் சிவந்தது. கோபம் அவருக்கு வாயில் வரும் போலிருந்தது. "என்னங்க இது, விளையாட்டா? தகரம் கெட்டியா இருக்குன்னு நீங்க எழுதிக் குடுக்கறதை நம்பித்தான் நான் அதுக்குக் கீழே ஆளை நிக்க வெக்கறேன். பறக்க விட்டது யாருங்கறதுலேயே பொய்னா, அந்த ரிப்போர்ட்டை நான் எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அன்றைக்கு அவள் குனிவதாக இல்லை.

"ரிப்போர்ட்ல ஒரு சொல் பொய் கிடையாது மேடம். துரு இருந்த இடத்துல துருன்னு எழுதினேன். எனக்குத் தெரியாத இடத்துல தெரியலன்னு எழுதினேன். நீங்களே எடுத்துப் பாருங்க. பொய் ஒண்ணே ஒண்ணுதான். அதை ஆரம்பிச்சது நான்தான், இவர் இல்ல. ஏன் ஆரம்பிச்சேன்னு கேளுங்க. உங்க ஆபீசுக்கு முதல்ல போன் பண்ணது நான். எல்லாம் கேட்டுட்டு, 'நல்லா இருக்கும்மா, சார்கிட்ட குடுங்க, பேசிடறோம்'னு சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"நீங்கதான் மேடம். உங்க குரல் எனக்கு ஞாபகம் இருக்கு."

மேலாளரின் கண் ஒரு நொடி எங்கோ போய்விட்டு வந்தது. தானும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு வாசலில் அதே சொல்லைக் கேட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த முகம் அப்படி மாறியிருக்காது.

"சரி" என்றார் கடைசியில், குரலை இறக்கி. "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பேப்பர் சார் பேர்ல தயாராயிடுச்சு. மேல ஒத்துக்கிட்டாங்க. இப்ப மாத்தினா ஆயிரம் கேள்வி வரும். என்னைத்தான் குடைவாங்க. இந்த வருஷம் இப்படியே போகட்டும். நீங்க பறக்க விடுங்க, சார் கையெழுத்து போடட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"முடியாது மேடம்."

"யோசிச்சுப் பாருங்க. வேலை போயிடும்."

"போகட்டும். ஒளிஞ்சு நின்னு பறக்க விட்டது போதும். பைலட்னு எழுதின இடத்துல என் பேர் வரும், இல்லேன்னா உங்க கூரையை வேற யாராவது பாக்கட்டும்."

ஓர் ஆண்டுக்கான வேலை மேசை மேல் படபடத்துக்கொண்டு கிடந்தது. மின்விசிறிக் காற்றில் தாளின் நுனி எழும்பி எழும்பி விழுந்தது. கணவன் கையை நீட்டி அதை எடுத்தான். எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவானோ என்று அவள் ஒரு கணம் அவன் கையையே பார்த்தாள். அவன் அதை மேலாளர் பக்கம் திருப்பி வைத்தான்.

"இதுல நான் கையெழுத்து போட முடியாது மேடம்" என்றான். அது மைக் குரல் இல்லை. மெலிந்து, கொஞ்சம் உடைந்து, சாதாரண மனிதன் குரலாக இருந்தது. "எனக்கு ரிமோட்டை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. போட்டோல என் கையில இருக்கறது ரிப்பேர் ஆனது."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

அந்த ஒரு பேச்சுக்காக அவள் அவனை மன்னித்துவிடவில்லை. பெட்டி தூக்குவாங்க என்ற சொல் இன்னும் காதுக்குள் சுட்டுக்கொண்டுதான் இருந்தது. காத்தாடி என்ற சொல்லும். அதற்கெல்லாம் வேறொரு நாள் கணக்கு உண்டு.

மேலாளர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார். எழுந்து வாசல் வரை நடந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, பழக்கதோஷத்தில் கணவனைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை பறக்க விடறப்ப காத்து எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டுவிட்டார்.

கணவன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"காலையில அடங்கி இருக்கும்" என்றாள் அவள். "வெயில் ஏறினா கிளம்பிடும். சீக்கிரம் வந்துடறேன். உங்க மேற்கு வரிசையில கடைசிக் கூரை எனக்குச் சந்தேகமா இருக்கு. கீழே ஆள் நிக்க வேண்டாம்னு சொல்லி வைங்க."

மேலாளர் பைக்குள் கையை விட்டுப் பேனாவை எடுத்தார். "கிடங்கு வாசல்ல காவலுக்கு இருக்கறவன்கிட்ட பைலட் பேரைக் குடுத்து வைக்கணும். இல்லேன்னா உள்ள விட மாட்டான். சொல்லுங்க."

அவள் தன் பேரைச் சொன்னாள். மேலாளர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"பேப்பர் மாத்தறதுக்கு எங்க ஆபீஸ்ல நான் ஒரு சண்டை போட்டாகணும்."

"போடுங்க மேடம். நான் இன்னைக்கு வீட்டுல போட்டேன்."

மேலாளர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். மாடிப்படி இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் ஒவ்வொரு திருப்பத்திலும் சன்னமாகிக்கொண்டே வந்தது.

"செவ்வாய்க்கிழமை நான் வரட்டுமா?" பின்னாலிருந்து கணவன் கேட்டான். "குடை பிடிக்க."

அவள் திரும்பவில்லை. கடைசிப் படிச் சத்தமும் அடங்கும் வரை நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள், தேவைக்கு மேலேயே பலமாக.